"ஆம்" என்றொரு சிறு சொல்



தமிழிலே "ஆம்" என்றோர் இடைச்சொல் உண்டு. உடன்பாட்டைக் குறிக்கும் "ஆம்" அன்று. வினைமுற்றின் பின்னே ஒட்டிக்கொண்டு வரும் "ஆம்". "கப்பல் வந்தது" என்றால் அந்தச் செய்திக்குச் சொல்பவரே பொறுப்பு. "கப்பல் வந்ததாம்" என்றால், நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பது பொருள். 2022இல் எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசையில் நின்றபோது, "நாளைக்குப் பெற்றோல் வருமாம்" என்றுதான் பேசிக்கொண்டோம். "வரும்" என்று அறுதியிட்டவர் குறைவு. அந்தச் சிறு சொல்லுக்குள்ளே ஒரு நேர்மை இருந்தது. சிங்களத்திலும் "லு" என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. அயலவர் இருவரும் ஒரே மரபைப் பேணியிருக்கிறோம்.

கைத்தொலைபேசியிலே வரும் செய்திகளில் இந்த "ஆம்" உதிர்ந்துவிடுகிறது. அனுப்புகிறவர் தம் வாயால் எதையும் சொல்வதில்லை. வந்ததை வந்தபடியே விரலால் தள்ளிவிடுகிறார். ஆகவே கேட்ட செய்தி, கண்ட செய்தியின் கோலத்திலே வந்து சேர்கிறது. அனுப்பியவர் நம் மாமா, அல்லது கூடப் படித்தவர். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனாலும் அனுப்பியவரில் நமக்குள்ள நம்பிக்கையை எழுத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். நம்பவைக்க நாவன்மை வேண்டியதில்லை; உறவுமுறை போதும்.

இது வெறும் இலக்கணக் கவலையன்று. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையிலே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடை உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது, அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. மார்ச் மாதம் திகனவில் வன்செயல் மூண்டபோது அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சமூக வலைத்தளங்கள் சில நாள்கள் முடக்கப்பட்டன. அந்த வன்செயலிலே தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்குப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்தச் சொல் எந்த வகையில் உதவும்?

இதற்காகக் கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. நம்பிக்கையும் கருவியும் இம்மண்ணிலே பழைய கூட்டாளிகள். 1841இல் அமெரிக்க மிஷனரிமார் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடக்கினர். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். இரு பக்கத்தாரும் கடுமையாகவே வாதிட்டனர். ஆயினும் எந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சு என்பதை ஊர் அறியும். மறுப்பவருக்கு மறுப்பைக் கொண்டுபோகும் இடம் தெரியும். வாதத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இன்றைய செய்திக்கு இல்லாதது அதுதான்.

2018 ஜூலையிலே வட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்து மேலே அனுப்பப்படும் செய்திகளுக்கு ஓர் அடையாளம் இட்டது. 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பமுடியாது என்ற வரம்பை உலகெங்கும் கொண்டுவந்தது. இயந்திரமும் தன்னாலியன்ற "ஆம்" ஒன்றைச் சேர்த்துப் பார்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த அடையாளத்தைப் படிப்பவர் எத்தனை பேர்?

வகுப்பிலே இடைச்சொல் கற்பிக்கும்போது, மாணவருக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை எடுத்து, ஒவ்வொரு வினைமுற்றிலும் "ஆம்" சேர்த்து உரக்க வாசிக்க வேண்டும். "இந்த இலைச்சாறு நீரிழிவை ஏழு நாளில் மாற்றும்" என்பது "மாற்றுமாம்" என்று ஆனதும் வகுப்பே சிரிக்கும். யாரோ ஒரு பிள்ளை, "ஆர் சேர் சொன்னது?" என்று கேட்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைகள் நாளை இந்நாட்டில் வாக்களிப்பார்கள், அயலவரோடு வாழ்வார்கள். இலக்கண பாடத்தால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரும்பயன் இதுவென்றே நான் கருதுகிறேன்.