கற்பிப்பவரின் கனிவு



பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்விடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்து, பள்ளிவாசலின் கண்ணியத்தை அவருக்கு மென்மையாக எடுத்துரைத்தார்கள். தவறு திருத்தப்பட்டது, தவறியவர் அவமானப்படுத்தப்படவில்லை.

மருத்துவமனைகளிலும் இப்பண்பு தேவை. அங்கே மாணவர்களுக்கு நோயாளியின் படுக்கையருகே கற்பிப்போர் பேராசிரியர்கள் மட்டுமல்லர். சிறப்புத் துறைகளில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களும் ஆவர். இரவுப் பணியின் களைப்பில் அவர்கள் மாணவனை இழித்துப் பேசினால், அவன் ஐயம் கேட்க அஞ்சுவான், தவறை மறைப்பான். அதன் தீங்கு நோயாளியையே சேரும்.

அமெரிக்காவில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆர்னால்டு கோல்டும் அவர்தம் துணைவியார் சாண்ட்ராவும் 1988ஆம் ஆண்டு தொடங்கிய அறக்கட்டளை, கனிவோடு கற்பிக்கும் இத்தகைய இளம் மருத்துவர்களுக்கு விருது வழங்குகிறது. அறுவை சிகிச்சை, மகப்பேறு, மனநலம் எனத் துறை எதுவாயினும், அவர்களைத் தேர்ந்தெடுப்போர் மாணவர்களே. கனிவைப் பெற்றவரன்றோ அதற்குச் சாட்சி!

உங்கள் இல்லத்தில் மருத்துவம் பயிலும் பிள்ளை இருந்தால் கேளுங்கள்: 'உனக்குப் பொறுமையாகக் கற்றுத் தந்தவர் யார்? அவருக்கு நன்றி கூறினாயா? நாளை நீயும் அவ்வாறே கற்பிப்பாயா?'

அத்தகைய நெஞ்சத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.