மடைச் சாவி

(ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று ஒரு சாவியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வீட்டுச் சாவி அல்ல, கோவில் சாவியும் அல்ல. கண்மாய் மடையின் ஷட்டரைத் திருகித் திறக்கும் இரும்புச் சாவி. சிவகங்கைப் பக்கம் நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் அந்தச் சாவி பதினேழு ஆண்டுகள் ஒரே வீட்டுச் சுவரில், ஒரே ஆணியில் தொங்கியது. அந்த வீட்டுக்காரர்தான் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். சம்பளம் கிடையாது.

செயலாளர் என்றதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வரலாம். அவருடைய வேலையைக் கேளுங்கள். ஆவணி முடியுமுன்னே வரத்துக்கால்வாய் நெடுக நடந்து, எங்கே சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்த்து வருவார். புரட்டாசியில் வீடு வீடாகப் போய், ஏக்கருக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரவேண்டும் என்று சொல்வார். ஆள் அனுப்ப முடியாதவர் ஒருநாள் கூலியைச் சங்கத்துக்குக் கட்டவேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டார்ச் லைட்டோடு இரவெல்லாம் கரையில் நடப்பார். எலி வளை, நண்டு வளை வழியாகக் கசிவு கண்டால் மணல் மூட்டைக்கு ஆள் கூப்பிடுவார். தண்ணீர் குறையும் தை மாதத்தில் முறை வைத்துப் பாய்ச்சவேண்டும். அண்ணன் தம்பி மண்டை உடையும் மாதம் அதுதான். மீன் ஏலக் கணக்கு, அலுவலகத்துக்கு மனு, மனுவுக்குப் பின்னால் மூன்று முறை பஸ் பயணம், எல்லாம் அவர் கைக்காசில்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். அதே ஊரில் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். வயல் வயலாகத் தண்ணீர் திருப்பிவிடுவார். களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பார்கள். அது அவருடைய கூலி. கூலி கொடுக்கவேண்டிய ஒருவருக்குக் கொடுக்காமல், “நீங்கள் செய்வது பெரிய சேவை” என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது பாவம். உபதேசியாருக்கும் கோவில்பிள்ளைக்கும் நம் பங்குகளில் இது நடக்கிறது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நான் இங்கே பேசுவது, மனமுவந்து எடுத்துக்கொண்ட பொறுப்பைப் பற்றி.

பதினேழாவது ஆண்டு, சாவடியில் கூட்டம். மீன் ஏலக் கணக்கை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “அதெல்லாம் சரி, உங்களுக்கு எவ்வளவு தேறுச்சு?” சிலர் சிரித்தார்கள். நான் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு ரூபாயும் தொடாதவர் என்பது எனக்குத் தெரியும். ஊரில் சண்டை வேண்டாமே என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கூட்டத்தைச் செபம் சொல்லி முடித்துவைத்தேன்.

அன்று இரவு அவர் பங்கு இல்லத்துக்கு வந்து, சாவியையும் கணக்கு நோட்டையும் என் மேசைமேல் வைத்தார். “நீங்களே வெச்சுக்குங்க சாமி.” அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு யாரும் வரவில்லை. வரத்துக்கால்வாயில் கருவேலம் அப்படியே நின்றது. ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் பாதித் தண்ணீர் வழியிலேயே உடைத்துக்கொண்டு போனது. கண்மாய் பாதிகூட நிறையவில்லை. தலைமடை வயல்கள் விளைந்தன. கடைமடையில் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் பயிர் காய்ந்தது. கடைமடையில் இருந்தவர்கள்தான் ஊரிலேயே வசதி குறைந்தவர்கள். கேள்வி கேட்டவருடைய வயல் தலைமடையில் இருந்தது. அந்தச் சாவி அத்தனை மாதமும் என் மேசையில்தான் கிடந்தது.

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நாம் வாசிப்பதே இல்லை. வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுவோம். அந்த நாள்களில் நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டியவர்களின் வருகைப் பதிவேடு அது. தலைமைக் குரு வருகிறார், பொற்கொல்லர் வருகிறார், நறுமணத் தைலம் செய்கிறவர் வருகிறார். ஒரு தலைவர் தம் புதல்வியரோடு வந்து மதில் கட்டுகிறார். இன்னொரு தலைவர் குப்பை வாயிலைப் பழுதுபார்க்கிறார். தெக்கோவா ஊர் மக்கள் வந்தார்கள். ஆனால் அவ்வூர்ப் பெரியவர்கள் கழுத்தைக் குனியவில்லை என்று நூல் ஒளிக்காமல் எழுதிவைக்கிறது. அதே தெக்கோவா மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் கட்டினார்கள் என்பதையும் எழுதுகிறது. ஐம்பத்திரண்டு நாளில் மதில் முடிந்தது. ஆளுநராக இருந்த நெகேமியாவோ, பன்னிரண்டு ஆண்டுகள் தமக்கு உரிய உணவுப்படியை வாங்கவில்லை.

நம் நாட்டில் இதற்குப் பெயர் குடிமராமத்து. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு. ஊர் கூடிப் பார்த்துக்கொண்ட வேலையை 1858இல் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் பணம் ஒதுக்கித் திட்டம் கொண்டுவந்தது. பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மழை இரவில் கரையில் நடக்கிற ஆளைச் சட்டமும் தராது, ஒப்பந்தப்புள்ளியும் தராது.

ஜெர்மனியில் ரைஃபைசன் என்றொரு ஊர்த்தலைவர் இருந்தார். 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழிசெய்தவர். பின்னர் அவர் தொடங்கிய உழவர் கடன் சங்கங்களில் நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் உண்டு. சென்னை மாகாணம் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி இதையெல்லாம் ஆராயச் சொன்னது. பெரிய அறிக்கை எழுதிய அவர், கடைசியில் சொன்ன ஆலோசனை, ரைஃபைசனைப் போல ஓர் ஆளைத் தேடுங்கள் என்பதுதான். 1904இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது அந்த வழியில்தான்.

ஆளைத் தேடுங்கள் என்றார். கிடைத்த ஆளை நாங்கள் என்ன செய்தோம் என்று பார்த்தீர்கள்.

தவக்காலத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கணக்குக் கேட்டது தப்பில்ல சாமி. பதினேழு வருசமா அந்த நோட்ட யாருமே தெறந்து பாக்கலயே, அதுதான்.”

அந்தப் பொறுப்பை அவர் மறுபடி ஏற்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கடைமடைக் குடும்பம் ஒன்றின் மருமகள், பி.காம். படித்தவர், நோட்டை எடுத்துக்கொள்ள முன்வந்தார். பெரியவர் அவரைக் கரைமேல் கூட்டிப்போய், எந்த இடத்தில் கரை பலவீனம், எந்த மடையை முதலில் திறக்கவேண்டும் என்று இரண்டு நாள் காட்டிக்கொடுத்தார். சாவி ஆண்டுக்கு ஒரு வீடாக மாறவேண்டும் என்று முடிவாயிற்று. கணக்கை மாதா மாதம் சாவடிச் சுவரில் ஒட்டவேண்டும் என்றும் முடிவாயிற்று.

நான் மாற்றலாகுமுன் வந்த கடைசிப் புரட்டாசியில், காலை ஆறு மணிக்குக் கரையில் நல்ல கூட்டம். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, “ஷட்டருக்குக் கிரீஸ் போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று பின்வரிசையில் இருந்து கேட்டவர் வரவில்லை. ஓர் ஆள் கூலியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த மாதக் கணக்கில், வரவு என்ற பக்கத்தில், அவர் பெயருக்கு நேரே அதுவும் எழுதிச் சாவடியில் ஒட்டப்பட்டது.