தக்காளி ஊர்ல தோட்டம் எதுக்கு?

ராயக்கோட்டைன்னாலே தக்காளி மண்டிதான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு தோட்டம் போடலாம்னு சொன்னா, "மண்ணை விட்டு ஓசூர் கம்பெனிக்குப் போகணும்னுதானே படிக்க வைக்கிறோம்?"னு பெத்தவங்க கேக்கலாம். நியாயமான கேள்வி.

ஆனா தோட்டம் பிள்ளைகளை விவசாயி ஆக்குறதுக்கு இல்ல. தக்காளிப் பூவை உலுக்கினாத்தான் மகரந்தம் நல்லா உதிரும். காத்தும் ரீங்காரமிடுற வண்டும் அந்த வேலையைச் செய்யும். புத்தகப் படத்தைவிட ஒரு செடி இதை நல்லா காட்டும். நாத்து நட்டு 60, 70 நாள்ல காய் பறிக்கலாம். எடை போட்டு, செலவு எழுதி, மண்டி விலையோட கணக்குப் பாத்தா, விலை சரியும்போது அப்பா ஏன் பறிக்காமலே விடுறார்னு பிள்ளைக்குப் புரியும். பறிப்புக் கூலிகூட கைக்கு வராதே!

பள்ளிகள்ல சத்துணவுத் தோட்டம் போட மத்திய அரசு 2019லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. இடம் இல்லேன்னா பழைய டப்பா போதும்.

பிள்ளை கம்பெனிக்கே போகட்டும். வீட்டுத் தொழிலைப் புரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்.