பந்தை உதைப்பவனும் தொழிலாளியே!

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

சம்பளம், கூட்டு ஒப்பந்தம், மழைநாள் வேலை என்று பேசுகிற இந்த மேடையில் இன்று காற்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பொழுதுபோக்குப் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். சனிக்கிழமை இரவானால் நம் வாலிபர்கள் டெலிவிஷன் முன் உட்கார்ந்து விடுகிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், லிவர்பூல் என்று இங்கிலாந்துக் கிளப்புகளின் பெயர்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். யார் எத்தனை கோல் போட்டார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கிளப்புகளைத் தோற்றுவித்தவர்கள் யார், அவற்றில் ஆடியவர்கள் என்ன கூலிக்கு ஆடினார்கள், அந்தக் கூலி எப்படி உயர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதிலில்தான் ஒரு தொழிற்சங்கத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

அரைநாள் ஓய்வில் வளர்ந்த ஆட்டம்

1863-ஆம் ஆண்டு லண்டன் நகரில் கூடிய சிலர் காற்பந்துக்கு விதி வகுத்து, எஃப்.ஏ. என்னும் கழகத்தை அமைத்தார்கள். தொடக்கத்தில் அது பெரிய பள்ளிகளில் படித்த கனவான்களின் கையில் இருந்தது. தொழிலாளிக்கு ஆட நேரம் ஏது? வாரத்தில் ஆறு நாளும் ஆலை. ஏழாம் நாள் ஞாயிறு, தேவாலயத்துக்குரிய நாள். அன்று பந்தைத் தொடுவதையே பாவம் என்று நினைத்த காலம் அது.

1850-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அச்சட்டம். அவர்கள் வெளியேறினால் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. பின்னர் அந்த அரைநாள் விடுப்பு மற்றத் தொழில்களுக்கும் பரவிற்று. இங்கிலாந்தில் பந்தாட்டம் சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. ஓய்வு நேரத்தை வென்றெடுத்த பிறகே உழைப்பாளிக்கு விளையாட்டு கிடைத்தது என்பதை நினைவில் வைப்போம்.

ஓய்வு வந்ததும் கிளப்புகள் முளைத்தன. 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர் ஒரு குழு அமைத்தார்கள். 1902-இல் பெயர் மாறிய அக்குழுதான் இன்றைய மான்செஸ்டர் யுனைடெட். 1886-இல் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கியது ஆர்சனல். கப்பல் கட்டும் தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையில் 1895-இல் பிறந்த குழு, பிறகு வெஸ்ட் ஹாம் ஆயிற்று. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஒரு வில்கம்பித் தொழிற்சாலையில் பிறந்தது. ஆஸ்டன் வில்லாவும் எவர்ட்டனும் தேவாலயத்து இளைஞர்களால் உண்டானவை.

1883-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு, ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர்களை 2-1 என்று தோற்கடித்தது. வென்றவர்களில் நெசவாளி உண்டு, இரும்பு வார்ப்படத் தொழிலாளி உண்டு, குழாய் வேலைக்காரர் உண்டு. கனவான்களிடமிருந்து கிண்ணம் ஆலைத் தொழிலாளியின் கைக்கு வந்தது!

பன்னிரண்டு கிளப்புகளின் லீக்

ஆலை வேலையை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? கிளப்புகள் முதலில் மறைவாகக் கொடுத்தன. 1885-இல் எஃப்.ஏ. அதை வெளிப்படையாக அனுமதித்தது. உடனே ஒரு கஷ்டம் எழுந்தது. வாராவாரம் கூலி கொடுக்க வாராவாரம் வசூல் வேண்டும். ஆனால் அக்காலத்தில் ஆட்டங்கள் சொன்னபடி நடப்பதில்லை. எதிர்க்குழு வராது; கூடிய ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இதற்கு வழி கண்டவர் ஆஸ்டன் வில்லாவைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரிகர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த துணிக்கடைக்காரர் அவர். முக்கியக் கிளப்புகள் ஒன்று சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தன் திடலில் ஒரு முறையும் எதிரியின் திடலில் ஒரு முறையும் ஆட வேண்டும் என்று 1888 மார்ச் மாதம் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில் லீக் உருவாயிற்று; செப்டம்பர் 8-ஆம் தேதி முதல் ஆட்டங்கள் நடந்தன. சேர்ந்தவை 12 கிளப்புகள். ஆறு, பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆறு, மத்திய மாவட்டங்களின் தொழில் நகரங்களைச் சேர்ந்தவை. லண்டன் கிளப் ஒன்றுகூட இல்லை. முதலாண்டில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் 18-இல் வென்று, 4-இல் சமன் கண்டு, தோல்வியே இல்லாமல் முதலிடம் பெற்றது. 1892-இல் இரண்டாம் பிரிவு சேர்ந்தது. 1950-இல் லீக்கில் 92 கிளப்புகள் ஆயின.

ஆட்டக்காரனைக் கட்டிய சங்கிலி

லீக் வளர்ந்தது, கிளப்புகள் கம்பெனிகளாயின, கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளும் டைரக்டர்களாக அமர்ந்தார்கள். ஆடுகிறவன் நிலை என்ன?

1893 முதல் ஒரு விதி வந்தது. ஓர் ஆட்டக்காரன் ஒரு கிளப்பில் பதிந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கிளப் அவனைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம். கிளப் சம்மதித்து, தான் கேட்கும் விலையைப் பெற்றாலொழிய அவன் லீக்கில் வேறெங்கும் ஆட முடியாது. நம் பாட்டன்மார் சஞ்சிக்கூலிகளாகப் பட்ட பாட்டோடு இதை ஒப்பிட முடியாது என்றாலும், ஒப்பந்தம் என்ற பெயரில் ஆளைக் கட்டிப் போடும் வித்தை நமக்குப் புதிதல்ல.

இரண்டாவது சங்கிலி, கூலிக்கு ஓர் உச்சவரம்பு. 1901 முதல் எவனுக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கிடையாது. அக்காலத்துச் சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அது அதிகம்தான். ஆனால் 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை ஒரு கிளப் மற்றொரு கிளப்புக்கு 1,000 பவுனுக்கு விற்றது. ஆளின் விலை ஆயிரம். ஆளுக்குக் கூலி நான்கு! இந்தக் கணக்கைச் செக்ரோலில் எழுதினால் எந்தக் கிராணியாவது ஒப்புவாரா?

சங்கம் பிறந்தது

1907 டிசம்பரில் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர் சங்கம் தோன்றிற்று. முன்னின்றவர்களில் ஒருவர் பில்லி மெரிடித். வேல்ஸ் நாட்டில் 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அந்நாளைய தலைசிறந்த ஆட்டக்காரர்.

மற்றத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்தோடு சேரச் சங்கம் முயன்றதும் எஃப்.ஏ.வுக்குக் கோபம் வந்தது. 1909 ஜூலைக்குள் சங்கத்தை விட்டு விலகாதவருக்கு ஆடத் தடை என்று உத்தரவு பிறந்தது. பலர் விலகினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. அவ்வாண்டு எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர்கள் அவர்களே! "தள்ளி வைக்கப்பட்டோர் கிளப்" என்று ஒரு பலகையில் எழுதி வைத்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் லீக் தொடங்கும் தறுவாயில் சமரசம் ஏற்பட்டது. சங்கத்தை எஃப்.ஏ. ஏற்றது, ஆனால் சம்மேளனத் தொடர்பைச் சங்கம் கைவிட்டது. பாதி வெற்றி, பாதி தோல்வி.

1912-இல் ஹெர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் நீதிமன்றம் ஏறித் தோற்றது. வழக்குச் செலவு சங்கத்தின் முதுகை முறித்தது. 1920-இல் 9 பவுனாக உயர்ந்த உச்சவரம்பு, 1922-இல் 8 பவுனாகக் குறைக்கப்பட்டது. சங்கம் மெலிந்தால் கூலி குறையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் குழுவின் ஆட்டத்தைக் காண 1920 டிசம்பர் 26-இல் எவர்ட்டன் திடலில் 53,000 பேர் கூடினார்கள். 1921-இல் வேலை இழந்து தவித்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் அவர்கள் ஆடி நிதி திரட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், காற்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி எஃப்.ஏ. தன் கிளப்புகளின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சங்கிலி அறுந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திடல்கள் நிரம்பி வழிந்தன. 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டவர்கள் 4 கோடியே 12 லட்சம் பேர். ஆட்டக்காரனின் உச்சக் கூலியோ வாரம் 12 பவுன். 1958-இல் அது 20 ஆயிற்று, கோடைக்காலத்தில் 17.

1957-இல் ஜிம்மி ஹில் சங்கத் தலைவரானார். ஒவ்வொரு வட்டாரமாகக் கூட்டம் போட்டார். ஒரு கூட்டத்தில் ஓர் இளம் ஆட்டக்காரர் எழுந்து, சுரங்கத்தில் பாடுபடும் தன் தகப்பனாரைவிடத் தனக்கு அதிகம் கிடைக்கிறதே, இது போதாதா என்று கேட்டாராம். தாமும் சுரங்கத்தில் வேலை செய்தவரான டாமி பேங்க்ஸ் எழுந்து, சுரங்க வேலையின் கஷ்டம் தமக்குத் தெரியும், ஆனால் முப்பதாயிரம் பேர் பார்த்திருக்க ஸ்டான்லி மாத்யூஸை மறித்து ஆட உங்கள் தகப்பனாரால் ஆகுமா என்று திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். அடுத்தவன் கூலி குறைவு என்பது நம் கூலியைக் குறைக்கக் காரணமாகாது. இருவர் கூலியும் உயர வேண்டும் என்பதே சங்கத்தின் பேச்சு.

ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். 1961 ஜனவரி 21 என்று நாளும் குறித்தார்கள். மூன்று நாள் முன்னதாக, ஜனவரி 18-இல் லீக் பணிந்தது, உச்சவரம்பு ஒழிந்தது. ஜானி ஹேன்ஸ் என்பவருக்கு ஃபுல்ஹாம் கிளப் வாரம் 100 பவுன் கொடுத்தது.

முதல் சங்கிலி மிச்சம் இருந்தது. நியூகாசிலில் ஆடிய ஜார்ஜ் ஈஸ்ட்டம் வேறு கிளப்புக்குப் போக விரும்பினார்; கிளப் மறுத்தது. அவர் 1960-இல் கையெழுத்திட மறுத்து, தக்கை விற்கும் வியாபாரத்தில் வேலை பார்த்தார். பிறகு ஆர்சனலுக்குப் போக அனுமதி கிடைத்தும் வழக்கை விடவில்லை. சங்கம் துணை நின்றது. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆளை நிறுத்தி வைக்கும் அந்த விதி நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பளித்தார். 1912-இல் சங்கம் தோற்ற போராட்டம் 51 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. பிறகு 1995-இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவன் விலையில்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது.

பணம் பெருகியது, பங்கு குறைந்தது

தோழர்களே! கதை இங்கே முடிந்தால் இனிப்பாக இருக்கும். முடியவில்லை. 1983 வரை, வந்து ஆடும் கிளப்புக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு உண்டு. அவ்வழக்கம் அன்றோடு நின்றது. 1992-இல் முதல் பிரிவின் 22 கிளப்புகள் பிரிந்து போய்ப் பிரிமியர் லீக் அமைத்தன. டெலிவிஷன் பணம் பெரும்பாலும் மேலேயே தங்கிற்று. பெரிய ஆட்டக்காரர் கோடி வாங்குகிறார். அதே அரங்கைக் கூட்டுகிறவர்களுக்குப் பிழைக்கப் போதுமான கூலி கேட்டுத் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

சிறிய கிளப்புகளின் கதியைப் பாருங்கள். 1894 முதல் லீக்கில் ஆடிய பரி என்ற கிளப், 2019-இல் கடனில் மூழ்கிற்று. சம்பளம் வராத நிலையிலும் அதன் ஆட்டக்காரர்கள் ஆடி வென்று மேல் பிரிவுக்குத் தகுதி பெற்றார்கள். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மீண்டும் அதை எழுப்பியவர்கள் ரசிகர்கள்தாம். 2023-இல் பழைய திடலில் மறுபடியும் பந்து உருண்டது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ஆட்டத் திறமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். நாளை யாராவது ஒரு கிளப்பிலிருந்து தாளை நீட்டினால், ஜெர்சியைக் கண்ட மயக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. நம் நாட்டு லீக்கிலும் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்தவர்களின் செய்தியைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. பெற்றோர்களே, அந்தத் தாளை முதலில் நம் கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், காயம் பட்டால் யார் பொறுப்பு, விலக நினைத்தால் என்ன விதி என்று கிராணிமார் நாங்கள் வாசித்துச் சொல்கிறோம்.

வாலிபர்களே! உங்களுக்குப் பிடித்த கிளப்பை ஆதரியுங்கள், ஆர்ப்பரியுங்கள். மாதச் சந்தாவை மட்டும் மறக்காதீர்கள். மெரிடித்தும் ஹில்லும் சந்தா கட்டிய தொழிலாளர்கள்தாம்.