நிமிர்ந்து பார்த்தால் திமிரா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"பெரியவங்க பேசறப்ப என்னடி முறைச்சுப் பாக்கிற? தலையைக் குனி." இதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? அப்படியே பழகிவிட்டோம். எங்கள் குழு முதல் கடனுக்கு வங்கிக்குப் போனபோதும் மேசையைப் பார்த்துத்தான் பேசினோம். நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். மேலாளரோ இவர்களுக்கு விவரம் தெரியாது என்று நினைத்துவிட்டார். மூன்று தடவை அலைந்தோம். நாலாவது தடவை கணக்கு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, முகத்தைப் பார்த்துப் பேசினோம். கண்ணைப் பார்த்ததால் கடன் வந்தது என்று சொல்லவில்லை, கணக்கு சரியாக இருந்தது. ஆனா அன்னைக்குத்தான் அவர் நோட்டையே பிரித்துப் பார்த்தார்.

பார்வைக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். அமெரிக்காவில் முகம் பார்த்துப் பேசாவிட்டால் எதையோ மறைப்பதாக நினைப்பார்கள். ஜப்பானில் பெரியவரை உற்றுப் பார்த்தால் மரியாதைக் குறைவு. நம்ம ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. மதுரையில் மீனாட்சி, காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி. மூன்று பெயரிலும் வரும் 'அட்சி' கண்ணைக் குறிப்பதுதான். மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், அதுபோல மீனாட்சி பார்வையாலேயே காப்பாள் என்பது நம்பிக்கை. அம்மன் நேராகப் பார்த்தால் அருள், நாம பார்த்தால் திமிர்!

திருக்குறளில் 58-ஆவது அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா இரண்டு தவணை கட்டவில்லை. கூட்டத்தில் பேரைச் சொல்லிக் கேட்டதும் எல்லோரும் ஒரேயடியாக அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்குப் போனால், கடன் வாங்கி வாங்கின கறவை மாடு செத்துப்போயிருக்கிறது. வெளியே சொல்லக் கூசிக்கொண்டு இருந்திருக்கிறார். கூட்டத்திலேயே அந்த முகத்தைப் பார்த்திருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்கும். நாங்கள் பார்த்தது பாக்கியை.

அன்று தீர்மான நோட்டில் எழுதினோம்: தவணை பாக்கி இருந்தால் கூட்டத்தில் பேர் சொல்லிக் கேட்பதில்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அந்த அக்கா இப்போது வருகிறார். இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது.