மேல்கோட்டையும் டில்லியும்: ஒரு வான்வழிக் கணக்கு

செல்வப்பிள்ளையின் திருமேனியை மீட்டுவர ஸ்ரீ ராமாநுஜர் மேல்கோட்டையிலிருந்து டில்லிக்கு எழுந்தருளினார் என்பது வைணவ மரபு. கால்நடையாகச் செல்வோர்க்கு அது பல மாதப் பயணம். அதே தொலைவை வான்வழியில் அளக்க, தேசப்படம் ஒன்றே போதும்.

இவ்விரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருப்பது நமக்கு வசதி. மேல்கோட்டை வட அட்சம் 12.7 பாகை; டில்லி 28.6 பாகை. வேறுபாடு 15.9. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர்.

மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்துக்கு இஃது இரண்டேகால் மணி நேரமே. ஆயினும் மேலெழுதல், இறங்குதல், வளைந்து செல்லுதல் ஆகியவற்றால் டில்லி–பெங்களூர்ப் பயணமே மூன்று மணியை நெருங்கும். அங்கிருந்து மேல்கோட்டைக்குச் சாலை வழியே மூன்று மணிக்கு மேல். டில்லியில் வீட்டிலிருந்து நிலையம் செல்ல ஒரு மணி. அங்கே காத்திருக்க இரண்டு மணி. ஆக, ஒன்பது மணிக்குக் குறையாது.

டில்லிவாழ் அன்பர்களே! செல்வப்பிள்ளையின் வைரமுடி சேவை ஆண்டுக்கு ஓர் இரவே. உடன் சேவிக்கக் காத்திருக்கும் முதிய பெற்றோர்க்கு வாக்களிக்கும்போது, பறக்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வாசலுக்கு வாசல் கணக்கிட்டுச் சொல்லுங்கள். காத்திருப்போர்க்கு அதுவே மெய்க்கணக்கு.