பெட்டியில் உறங்கும் உயில்



தகடூர் என வழங்கிய தருமபுரியில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துச் சமணப் பள்ளிக்கு ஓர் ஊர் தானமாக அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. கல்லில் வெட்டிய அறக்கொடை என்றும் நிற்பதற்குரியது. உயில் அத்தகையதன்று. எழுதியவர் தெளிந்த அறிவுடன் உள்ளவரை எத்தனை முறையும் அதனைத் திருத்தலாம், நீக்கலாம் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆயினும் பல இல்லங்களில் உயிலையும் கல்வெட்டாகவே கருதிப் பெட்டியில் பூட்டி வைக்கின்றனர்.

ஏரியூரில் புன்செய் நிலமுடைய பெரியவர் ஒருவர் 1980இல் உயில் எழுதினார் என்று கொள்க. பூர்விக நிலம் முழுவதும் இரு மகன்களுக்கு. சிறுமியான மகளுக்குத் திருமணச் செலவு மட்டும். பின்னர் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. புல எண்கள் உட்பிரிவு பெற்றன. இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் உரியது. அதில் 1989இல் தமிழகம் செய்த திருத்தம் அதுவரை மணமாகாத மகளிருக்கும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளிர் அனைவருக்கும் பிறப்புரிமை அளித்தன. பாகம் பிரியாத பூர்விகச் சொத்தில் தந்தை தம் பங்கை மட்டுமே உயிலால் வழங்க இயலும். அந்தப் பழைய தாள் அவர் மறைவுக்குப்பின் வெளிப்படுமாயின், அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நீதிமன்றத்தில் நிற்க நேரும்.

“உயிலை மாற்றுங்கள், அப்பா” என்னும் சொல் முதியோர் செவிக்கு அமங்கலமாகப் படும். உண்மையில் இறுதிக் காலத்தை எண்ணுதல் சமணருக்குப் புதிதன்று. சல்லேகனை ஏற்பவர் பற்றையும் பகையையும் நீக்கி, உற்றாரை மன்னித்துத் தாமும் மன்னிப்பு வேண்டுக என்கிறார் சமந்தபத்திரர். இருப்பினும், “பட்டாவிலுள்ள எண்ணும் உயிலிலுள்ள எண்ணும் ஒன்றுதானா, பார்க்கலாமா?” என்று தொடங்குவது இனிது. பெரியவர் தாமே அதனைப் படிக்கட்டும். விற்றுவிட்ட வீடும், காலமான தம்பியின் பெயரும் அவர் கண்ணிலேயே படும்.

அதன்பின் பிள்ளைகள் விலகி நிற்றல் வேண்டும். பெரும்பயன் பெறுபவரே உயில் எழுதுவதில் முன்னின்றால் அது ஐயத்திற்கு இடமாகும் என 1959இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லலாம். அறைக்கு வெளியே அமர்வதே முறை. சான்றொப்பமிடும் இருவரும் குடும்பத்திற்கு வெளியே, வயதில் இளையோராய் இருப்பின் நன்று. முந்தைய உயில் நீக்கப்பட்டது என்று புதியதில் எழுதப்பெறல் வேண்டும். பதிவு கட்டாயமன்று, செய்துகொள்வது நலம். முத்திரைத்தாளும் தேவையில்லை.

இவையெல்லாம் தந்தையைப் பற்றியே பேசப்படுகின்றன. தாயின் பெயரிலும் நகையும் வைப்புத்தொகையும் உள்ளன. அவற்றிற்கு அவர் விருப்பம் என்ன என்று அவரிடம் கேட்டவர் எத்தனை பேர்?